பல வருடம் கழித்து மறுபடியும் பைக்: நீண்ட பயணத்துக்கு முன் செய்ய வேண்டியவை

இருபது, இருபத்தைந்து வருடம் கழித்து மறுபடியும் பைக் ஓட்டலாம், அதுவும் பத்துப் பதினைந்து நாள் நீண்ட பயணமாகவே போகலாம் என்று முடிவு செய்திருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கிளம்பும் தேதியைக் குறிக்கும்போதே அதற்கு முன்னால் மூன்று மாதத்தையாவது தயாரிப்புக்கு ஒதுக்கிவிடுங்கள். கிளட்ச் பிடிப்பது, கியர் மாற்றுவது எல்லாம் அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும், கூடவே "பழைய மாதிரியே ஓட்டுகிறேனே" என்ற தைரியமும் வந்துவிடும், ஆனால் குறுக்கே திடீரென்று ஒரு கார் திரும்பும்போது கையும் காலும் என்ன செய்ய வேண்டுமோ அது அத்தனை சீக்கிரம் திரும்பி வராது. தைரியம் முதலில் வந்து திறமை பின்னால் வருகிற அந்த இடைப்பட்ட வாரங்கள்தான் ஆபத்தானவை.

அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர் ஹாரி ஹர்ட் தலைமையில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இன்னொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகனக்காரர் வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. ஆபத்து தெரிந்ததிலிருந்து மோதுவது வரை ஓட்டுபவருக்குக் கிடைத்தது பொதுவாக 2 விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பலர் பின் பிரேக்கை மட்டும் மிதித்துச் சக்கரத்தைச் சறுக்க விட்டிருக்கிறார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பயன்படுத்தவே இல்லை. அறிக்கை பழையதுதான், ஆனால் மனிதக் கை கால் மாறவில்லை. அதனால் எதைப் பழகினாலும் பழகாவிட்டாலும் பிரேக்கைப் பழகுங்கள்.

அதற்கு முதலில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிடுவது உத்தமம். ஓட்டத் தெரிந்தவருக்கு எதற்கு வகுப்பு என்று தோன்றும், ஆனால் நாம் எதை மறந்தோம் என்பது நமக்குத் தெரியாது, பார்க்கிறவருக்குத்தான் தெரியும். பல நாடுகளில் விட்டுவிட்டு மறுபடி ஓட்ட வருபவர்களுக்கென்றே ஒரு நாள் வகுப்புகள் இருக்கின்றன. இன்னொரு விஷயம், நீங்கள் முதன்முதலில் பழகியது பழைய என்ஃபீல்டு மாதிரி வலது காலில் கியர், இடது காலில் பிரேக் இருந்த வண்டியா? இப்போது எல்லாம் தலைகீழ். நிதானமாக ஓட்டும்போது கால் சரியாகவே போகும், பதறும்போது பழைய இடத்தைத் தேடும். இப்படிப்பட்டவர்கள் பயிற்சியை இரண்டு மடங்காக்க வேண்டும்.

பிரேக் பயிற்சி இப்படி. தரை சீராக இருக்கிற, ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் இடம், 40 கி.மீ. வேகம், நிற்க வேண்டிய இடத்தில் ஓர் அடையாளம். முன் லீவரைச் சட்டென்று பிடுங்காதீர்கள். முதலில் லேசாக அழுத்துங்கள், முன் ஃபோர்க் கீழே அமுங்கி வண்டியின் எடை முன் சக்கரத்தில் இறங்குவது உள்ளங்கையில் தெரியும், டயர் தரையை நன்றாகக் கவ்விக்கொள்வது அப்போதுதான், அதற்குப் பிறகு விரல்களை இறுக்கிக்கொண்டே போங்கள். இந்த இரண்டு கட்டமும் சேர்ந்து அரை விநாடிக்குள் முடிய வேண்டும், முதல் நாளில் அது வராது, விடாமல் செய்தால் வரும். ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, உள்ள வண்டி என்றால் அதை வேண்டுமென்றே ஒருமுறை வேலை செய்ய வைத்துப் பாருங்கள், பின் பிரேக்கில் தொடங்கினால் பயம் குறைவு. லீவரும் மிதியும் படபடவென்று துடிக்கும், அந்தத் துடிப்புக்கு மிரண்டு பிடியைத் தளர்த்திவிடக் கூடாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயிற்சி. 40 பழகியதும் 60. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதையும், 90 கி.மீ. வேகத்தில் ஒவ்வொரு விநாடியும் 25 மீட்டர் ஓடிவிடுகிறது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டால் முன்னால் போகும் வண்டிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது மெதுவாக ஓட்டுவது. பயண வண்டிகள் விழுவது பெரும்பாலும் பெட்ரோல் பங்கில், விடுதி வாசலில், சரளைக்கல் கிடக்கிற யூ-டர்னில்தான், மலைப்பாதையில் அல்ல. கிளட்சை முழுதாக விடாமல் பாதியில் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் வைத்து, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் அடக்குங்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும். தலையைத் திருப்பி, போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பாருங்கள், சக்கரத்துக்கு முன்னால் கிடக்கும் தரையைப் பார்த்தால் தரைக்குத்தான் போவீர்கள். எட்டு போடுவது, இறுக்கமாக யூ-டர்ன் அடிப்பது, இவற்றை முதலில் வெறும் வண்டியிலும் பிறகு பயணத்துக்குரிய சாமான்களை ஏற்றியும் செய்து பார்க்க வேண்டும். சாமான் ஏறிய வண்டி வேறு வண்டி.

வளைவுக்கும் கண்தான் ஆதாரம். வேகம் கொஞ்சம் ஏறிய பிறகு, வலப்பக்கம் போக வேண்டும் என்றால் ஹேண்டிலின் வலது பிடியை முன்னால் தள்ள வேண்டும், வண்டி வலப்பக்கம் சாயும். சின்ன வயதில் இதைத் தெரியாமலேயே செய்துகொண்டிருந்தோம், இப்போது தெரிந்து செய்யுங்கள், ஏனென்றால் வளைவு நினைத்ததைவிட இறுக்கமாக இருக்கும்போது பயத்தில் கை விறைத்துவிடும், அந்த நேரத்தில் தெரிந்து தள்ளுகிறவர் திரும்பிவிடுவார்.

வண்டி விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது: ஆசைப்பட்டதைவிட ஒரு படி சின்னது வாங்குங்கள். 1980களில் ஆயிரம் சிசி வண்டி நூறு குதிரைத்திறன் தந்தால் பெரிய விஷயம், இப்போது அதே ஆயிரம் சிசியில் இருநூறு தருகிற வண்டிகள் விற்பனையில் இருக்கின்றன. நீண்ட பயணத்துக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. 400 முதல் 700 சிசி வரையுள்ள வண்டி நாள் முழுதும் நெடுஞ்சாலையில் அலுக்காமல் ஓடும். எடைதான் முக்கியம், பெட்ரோல் நிரப்பி 200 கிலோவை ஒட்டி இருந்தால் நல்லது. கடையில் அதன் மேல் ஏறி உட்கார்ந்து உடனே இறங்கிவிடாதீர்கள், இருபது நிமிடம் உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் படிகிறதா, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, மணிக்கட்டில் பாரம் விழுகிறதா, கிளட்ச் லீவர் எவ்வளவு கனக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சரிவில் நின்ற வண்டியை இறங்கித் தள்ளியும் பாருங்கள்.

வீட்டில் மூடி வைத்த பழைய வண்டியை எடுப்பதாக இருந்தால் அது ஓடுகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டாங்கில் கிடந்த பெட்ரோல் கெட்டுப் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்திருக்கும், பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்கும், அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டயர் பார்வைக்குப் புதிதாக இருக்கும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கிறதா பாருங்கள், 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரானது என்று பொருள். பத்து வருடம் ஆன டயர் என்றால் பட்டன் எத்தனை மிச்சமிருந்தாலும் தூக்கிப் போடுங்கள், ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஈரத்தில் பிடிக்காது.

பழைய ஹெல்மெட்டையும் அதோடு தூக்கிப் போட்டுவிடுங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் போனதை மாற்றச் சொல்லித்தான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். புதியதை மாட்டி, பட்டையைப் போட்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் உருட்டித் தள்ளுங்கள், கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை. கண்ணாடி போடுகிறவர்களுக்கு முகப்பகுதி மேலே தூக்கும் வகை வசதி. ஜாக்கெட்டின் உட்சீட்டில் ஐரோப்பியத் தரக்குறியீடு ஏ, ஏஏ, ஏஏஏ என்று போட்டிருக்கும், ஏ எண்ணிக்கை கூடக் கூடத் தேய்மானம் தாங்கும். காலுக்குக் கணுக்கால் மூடுகிற பூட்ஸ், இதில் பேரமே வேண்டாம்.

பலரும் விட்டுவிடுவது காதடைப்பான். நெடுஞ்சாலை வேகத்தில் நல்ல ஹெல்மெட்டுக்குள்ளேயே காற்றிரைச்சல் 100 டெசிபல் வரை போகும், அந்த அளவு சத்தத்தில் 15 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ். மென்மையான ஸ்பாஞ்ச் அடைப்பான் போட்டுக்கொண்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், சாயங்காலம் இறங்கும்போது உடம்பில் அலுப்பு எவ்வளவு குறைவாக இருக்கிறது என்று தெரியும். ஹாரனும் இஞ்சினும் கேட்கும், இரைச்சல்தான் அடங்கும். போகிற நாட்டில் அதற்குத் தடை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உடம்பு. கண் டாக்டரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். நாற்பதைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் திறன் குறையும், தூரத்துச் சாலையிலிருந்து மீட்டருக்குக் கண்ணை மாற்றும்போது எழுத்து தெளிய நேரமாகும். வயது ஏற ஏற இருட்டில் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் குறையும், எதிர்வண்டி வெளிச்சம் பட்டு மங்கிய பார்வை திரும்பவும் தாமதமாகும். அதனால் பொழுது சாய்வதற்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடும்படி பயணத்தைப் போடுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, அலர்ஜி, எதற்கு மாத்திரை சாப்பிட்டாலும் அது தூக்கமோ தலைச்சுற்றலோ தருமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் உட்கார்ந்து எழுவது, கழுத்தையும் இடுப்பையும் வளைப்பது, ஒரு ரப்பர் பந்தைப் பிசைவது போதும், ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை.

வெயிலில் காற்று பட்டால் குளிர்ச்சி என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. வெளியே வெப்பம் உடம்பைத் தாண்டினால் அந்தக் காற்றே சூடேற்றும், வியர்வை பட்ட மாத்திரத்தில் காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாமலே தண்ணீர் வற்றும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடியுங்கள். குளிரும் அப்படித்தான், 10 டிகிரியில் 80 கி.மீ. வேகத்தில் போனால் திறந்த தோலுக்கு 4 டிகிரி மாதிரி இருக்கும், விரல் மரத்தால் பிரேக் தாமதமாகும்.

நாளுக்கு எவ்வளவு தூரம்? வளைந்து நெளிந்த பாதையில் 200 முதல் 250 கி.மீ., நேர் சாலையில் 350, இதற்கு மேல் திட்டத்தில் போடாதீர்கள். முதல் நாள் அதிலும் பாதி. ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். மூன்றாம் நாள் மதியம் வாக்கில் அலுப்பு சேர்ந்து வந்து உட்காரும், அதனால் நான்காம் நாளை ஓட்டமே இல்லாத நாளாக வைத்துவிடுங்கள். பெரிய பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, முழுச் சாமானோடு, ஓரிரவு தங்கி வருகிற ஒத்திகை அவசியம். எது கூடுதல், எது மறந்தது, எங்கே வலிக்கிறது என்று அது சொல்லிவிடும். கூட்டமாகப் போனால் புதியவரை இரண்டாவதாக விடுங்கள், அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம்.

கனமான சாமான் பக்கப்பெட்டியில் கீழேயும் முன்னாலும் போக வேண்டும். பின்னால் உயரத்தில் இருக்கும் பெட்டியில் கனம் ஏற்றினால் முன் சக்கரம் லேசாகி, வேகத்தில் ஹேண்டில் ஆடும். சாமானும் பின்சீட்டில் ஆளும் ஏறினால் பின் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை இறுக்கி, டயர் காற்றையும் கையேட்டில் உள்ளபடி கூட்டுங்கள். பின்னால் உட்காருபவரையும் ஒத்திகைக்கு அழைத்துப் போங்கள். வண்டி சாயும்போது அவரும் கூடச் சாய வேண்டும், நின்ற இடத்தில் காலைக் கீழே வைக்கக் கூடாது, தோளில் இரண்டு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் வாடகை வண்டி என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் பைக்குக்குரிய ஏ பிரிவில் முத்திரை இருக்கிறதா பாருங்கள், கார் பிரிவு மட்டும் இருந்தால் பயனில்லை. பயணக் காப்பீட்டில் இத்தனை சிசி வரைதான் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், 125-க்கு மேல் செல்லாத பாலிசிகள் நிறைய உண்டு. வண்டியை வாங்கியதும் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, இருக்கிற கீறலைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

வண்டி விழுந்தால் முன்னால் குனிந்து இழுக்காதீர்கள், இடுப்பு போய்விடும். இஞ்சினை அணைத்து, வலப்பக்கமாக விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே வெளியே தள்ளி, கியரில் போட்டுவிடுங்கள். அப்புறம் சீட்டுக்கு முதுகைக் காட்டி அதன் மேல் இடுப்பைச் சாய்த்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின்பக்கப் பிடியையும் பற்றிக்கொண்டு, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள், தூக்குவது தொடையாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் கூப்பிடத் தயங்காதீர்கள்.

பயண நாட்களில் சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும், செயின் சூடாக இருக்கும்போதே எண்ணெய் அடித்துவிடுங்கள். டயர் காற்றைக் காலையில், ஓட்டும் முன் பாருங்கள். ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியான வைசரில் ஒட்டிய பூச்சிகளை ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள், காய்ந்ததைச் சுரண்டினால் கீறல் விழுந்து மறுநாள் எதிர்வெயிலில் சாலையே தெரியாது.