கேஷுவாலிட்டிக்கு மென்பொருள் வாங்கப் போகிறீர்களா? டெமோவுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள்

எங்கள் மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவின் (கேஷுவாலிட்டி) கேஸ் ஷீட்டைக் கணினிக்கு மாற்றலாம் என்று முடிவானபோது, கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் தடவை தப்பாகத்தான் தேர்ந்தெடுத்தோம். டெமோவில் பளபளவென்று இருந்த மென்பொருள், வாங்கி மூன்றாவது வாரத்திலேயே நர்ஸுகளுக்குச் சுமையாகிவிட்டது. அவர்கள் காகிதத்தில் எழுதிவைத்து, கூட்டம் குறைந்த பிறகு கணினியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். வேலை இரட்டிப்பு, பதிவான நேரமெல்லாம் பொய். இரண்டாவது முறை என்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். 50, 100 படுக்கை உள்ள இடத்தில் இதே வேலை உங்கள் தலையிலும் விழுந்திருந்தால் உபயோகப்படும்.

முதல் படி: ஒரு ராத்திரி சும்மா உட்காருங்கள்

எந்தக் கம்பெனிக்கும் இன்னும் போன் போட வேண்டாம். ஒரு சனிக்கிழமை இரவு நோட்டும் பேனாவுமாகக் கேஷுவாலிட்டியில் ஓரமாக உட்கார்ந்து, ஒரு நோயாளி உள்ளே வந்ததிலிருந்து வார்டுக்கோ வீட்டுக்கோ போகும்வரை யார் எதை எங்கே எழுதுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். எங்கள் இடத்தில் பெயரும் வயதும் மட்டுமே 7 இடத்தில் எழுதப்பட்டன: ஓ.பி. சீட்டு, கேஸ் ஷீட், நர்ஸ் பதிவேடு, லேப் சீட்டு, எக்ஸ்ரே சீட்டு, மருந்துச் சீட்டு, விபத்து என்றால் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேடு. புது மென்பொருள் இந்த ஏழு இடத்தையும் ஒன்றாக்கவில்லை என்றால் அதை வாங்குவதில் அர்த்தமே இல்லை.

இரண்டாவது படி: "இது இல்லாவிட்டால் வேண்டாம்" பட்டியல்

கம்பெனிக்காரர்கள் நூறு வசதி காட்டுவார்கள். உங்கள் பட்டியல் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். எங்கள் பட்டியலில் முதலில் எழுதியது, பெயர் தெரியாத நோயாளி. 108-ல் சுயநினைவில்லாமல் ஒருவர் வருகிறார், பாக்கெட்டில் ஒன்றும் இல்லை. போன் நம்பர் போடாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது என்று மென்பொருள் அடம்பிடித்தால், நர்ஸ் பத்து ஒன்பதுகளை வரிசையாக அடித்துவிட்டுப் போவார். ஒரே மாதத்தில் அந்த நம்பரில் நாற்பது பேர் இருப்பார்கள். "அடையாளம் தெரியாத ஆண்" என்று ஒரே கிளிக்கில் பதிய வேண்டும், சொந்தக்காரர்கள் வந்த பிறகு பழைய பதிவோடு சேர்க்கவும் வழி வேண்டும்.

அடுத்தது ட்ரையாஜ், அதாவது யாரை முதலில் பார்ப்பது என்று அவசரத்தைப் பொறுத்துப் பிரிப்பது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் டி.ஏ.இ.ஐ. என்ற விபத்து, அவசர சிகிச்சைத் திட்டப்படி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். இ.எஸ்.ஐ. (எமர்ஜென்சி செவெரிட்டி இண்டெக்ஸ்) என்ற ட்ரையாஜ் முறை என்றால் 5 நிலை. உங்கள் இடத்தில் எது பழக்கமோ அதற்கு மென்பொருள் வளைய வேண்டும். பச்சையில் உட்கார்ந்திருந்தவர் அரை மணி நேரத்தில் சிவப்பாகலாம். அப்போது பழைய நிறம் அழியாமல், எப்போது யார் மாற்றினார்கள் என்பதும் சேர்ந்து நிற்க வேண்டும்.

நேரம் என்பதை நிறையப் பேர் சாதாரணமாக நினைக்கிறார்கள், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நெஞ்சுவலியோடு வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது விதி. அதை எடுத்தது 9:12-க்கு, நர்ஸ் கணினியில் ஏற்றியது 9:50-க்கு. ஒரே ஒரு நேரத்தைத்தான் பதியும் மென்பொருள் என்றால் ஈ.சி.ஜி.யை உண்மையைவிட 38 நிமிடம் தாமதமாக எடுத்ததாக அறிக்கை சொல்லும். நடந்த நேரம் வேறு, பதிந்த நேரம் வேறு. இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். நடந்த நேரத்தை நர்ஸ் மாற்றலாம், பதிந்த நேரத்தை யாராலும் தொட முடியக் கூடாது. நின்ற இதயத்துக்கு சி.பி.ஆர். நடக்கும்போது யாரும் டைப் அடிக்கமாட்டார்கள், அதனால் மருந்து கொடுத்த நேரத்தை ஒரு பொத்தானைத் தட்டிக் குறித்துவிட்டு விவரத்தை அப்புறம் நிரப்பும் வசதி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போடலாம்.

எம்.எல்.சி. கேஸுக்கும், அதாவது போலீஸ், கோர்ட் என்று போகக்கூடிய கேஸுக்கும், இதே கதைதான். டாக்டர் எழுதியதைத் திருத்தினால் பழைய வரி மறையக் கூடாது. நாளைக்குக் கோர்ட்டில் கேட்பார்கள்.

மூன்றாவது படி: தனியா, கூட்டா?

கேஷுவாலிட்டிக்கென்றே தனியாக வரும் மென்பொருளும் உண்டு, மருத்துவமனை முழுவதற்கும் ஆன பெரிய மென்பொருளின் ஒரு பகுதியாக வருவதும் உண்டு. அமெரிக்காவின் எபிக் நிறுவனம் தன் அவசரப் பிரிவுப் பகுதிக்கு 'அசாப்' என்று பெயர் வைத்திருக்கிறது, நம் அளவுக்கு அதெல்லாம் எட்டாத விலை. யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸில் பாம்னி என்ற மருத்துவமனை மென்பொருள் இருக்கிறது. சத்தீஸ்கரில் கனியாரி என்ற ஊர் மருத்துவமனையில் முதலில் ஓடியது அது. இலவசம்தான், ஆனால் அதைக் கட்டிக் காப்பாற்ற ஆள் வேண்டுமே. என் கருத்து: பில்லுக்கும் லேபுக்கும் ஏற்கனவே ஒரு மென்பொருள் ஓடுகிறது என்றால், அழகாக இல்லாவிட்டாலும் அவர்களுடைய கேஷுவாலிட்டி பகுதியை முதலில் பாருங்கள். தனி மென்பொருளை லேபோடு இணைக்க ஆறு மாதம் இழுக்கும். "எஃப்.எச்.ஐ.ஆர். இருக்கிறது சார், இணைச்சிடலாம்" என்று (மருத்துவ மென்பொருள்கள் தகவலைப் பரிமாறிக்கொள்வதற்கான பொது வடிவம் அது) சொன்னால், இணைத்து ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மருத்துவமனையைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பரில் நாடு முழுக்க வந்துவிட்டது, ஆகவே அதன்படி நோயாளிக்குக் கொடுக்கும் 14 இலக்க ஆபா எனும் சுகாதார அடையாள எண்ணைச் சேர்க்கும் வசதி தேவைதான். ஆனால் நுழைவில் அதைக் கட்டாயமாக்கி வைத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், ரத்தம் கொட்டும் ஆளிடம் ஓ.டி.பி. கேட்க முடியாது.

நான்காவது படி: டெமோவை நீங்கள் நடத்துங்கள்

அவர்கள் கொண்டுவரும் மாதிரி நோயாளி வேண்டாம். நீங்கள் மூன்று கதை எழுதிக்கொண்டு போங்கள்: மேலே சொன்ன பெயர் தெரியாத விபத்துக் கேஸ், 55 வயது நெஞ்சுவலி, காய்ச்சலில் வலிப்பு வந்த 3 வயதுக் குழந்தை. டைப் அடிக்க வேண்டியது கம்பெனி ஆளும் இல்லை, கணினி தெரிந்த நீங்களும் இல்லை, சமீபத்தில் சேர்ந்த நர்ஸ். நீங்கள் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் எடையை 12-க்குப் பதில் வேண்டுமென்றே 120 என்று அடிக்கச் சொல்லுங்கள், மென்பொருள் வாயைத் திறக்கிறதா பாருங்கள். நெஞ்சுவலிக் கதையின் நடுவில் "அந்த விபத்துக் கேஸுக்கு பி.பி. போடுங்க சிஸ்டர்" என்று குறுக்கிடுங்கள், திரும்பி வரும்போது பாதி எழுதியது அப்படியே இருக்க வேண்டும். லாகின் செய்ய எவ்வளவு நேரம் என்பதையும் எண்ணுங்கள். அரை நிமிடம் ஆனால் ஒருவர் பாஸ்வேர்டில்தான் ராத்திரி முழுக்க எல்லோரும் எழுதுவார்கள், மறுநாள் யார் ஊசி போட்டது என்று கடவுளுக்கே தெரியாது.

டிக் போடும் டெம்ப்ளேட்டில் உஷார். ஒரே கிளிக்கில் "எல்லாம் இயல்பு" என்று பத்து வரி விழும். ஏற்கனவே ஒரு கால் எடுக்கப்பட்டவருக்கு இரண்டு காலிலும் நாடித்துடிப்பு சரியாக உள்ளது என்று கேஸ் ஷீட் சொன்னதை நானே படித்திருக்கிறேன்.

ஐந்தாவது படி: நெட் போனால்?

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் சைபர் தாக்குதலுக்கு உள்ளானபோது, அவ்வளவு பெரிய இடமே இரண்டு வாரம் போலக் காகிதத்தில் ஓடியது. ஆகவே நெட் போனால் என்ன, சர்வர் போனால் என்ன, பேக்கப்பை எடுத்து ஓட்டிக் காட்ட எத்தனை மணி நேரம் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் மற்றதெல்லாம் கணக்குப் பிரிவு பார்த்துக்கொள்ளும், நீங்கள் இரண்டைப் பாருங்கள். விட்டு விலகினால் நம் பதிவுகள் முழுவதையும் படிக்கக்கூடிய வடிவில் தருவார்களா? நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறை சொல்கிறது, கம்பெனி மாறிய பிறகும் அது நம் பொறுப்புதான். இன்னொன்று, 24 மணி நேர உதவி என்று போட்டிருக்கும் நம்பருக்குக் கையெழுத்துப் போடும் முன் ராத்திரி 2 மணிக்கு ஒரு போன் அடியுங்கள். நாங்கள் அடித்தோம். மூன்று கம்பெனியில் ஒருவர்தான் எடுத்தார், அவர்களிடம்தான் வாங்கினோம்.

ஆரம்பிக்கும் நாளாக வார நடுவில் ஒரு பகல் ஷிஃப்டை வையுங்கள். முதல் இரண்டு வாரம் கம்பெனி ஆள் ஒருவர் இரவிலும் கூடவே இருக்கட்டும். எழுதாத பழைய கேஸ் ஷீட்டுகளில் இருபதை மட்டும் ஒரு சிவப்பு ஃபைலில் போட்டு, சர்வர் படுத்தால் எடுக்க ட்ரையாஜ் மேசையில் வைத்துவிட்டு, மீதியை ஸ்டோருக்கு அனுப்பிவிடுங்கள்.