விட்டுவிடலாம் என்று தோன்றும் நாளில் என்ன செய்வது

நூறு நாள் ஓட்டம், புதிதாக ஒரு மொழி, ஒரு தேர்வுக்கான தயாரிப்பு, பாதியில் நிற்கும் ஒரு புத்தகம். எதை எடுத்தாலும் ஒரு கட்டத்தில் 'போதும், விட்டுவிடலாம்' என்ற எண்ணம் வந்துவிடும். உடனே பலர் ஊக்கம் தரும் காணொளிகளைத் தேடிப் போகிறார்கள். அரை மணி நேரத்துக்கு உற்சாகமாக இருக்கும். மறுநாள் காலை அதே கனம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். காய்ச்சலைப் போல இதுவும் ஓர் அறிகுறி, காரணங்கள் பல. தூக்கம் போதாதவருக்கும், அகலக்கால் வைத்தவருக்கும், இலக்கே பிடிக்காமல் போனவருக்கும் ஒரே மருந்து வேலை செய்யாது. அதனால் முதல் வேலை காரணத்தைப் பிடிப்பது.

இன்றே முடிவெடுக்காதீர்கள்

எண்ணம் வந்ததும் காலண்டரில் 14 நாள் தள்ளி ஒரு தேதியைக் குறித்து வையுங்கள். தொடர்வதா விடுவதா என்பதை அன்றைக்குத்தான் பேசப் போகிறீர்கள். அதுவும் பகலில், நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு. இரவு பத்து மணிக்கு மேலும், தோற்ற கையோடும் எடுக்கிற முடிவில் அன்றைய களைப்புதான் பேசும்.

இந்த 14 நாளும் அந்த எண்ணம் தலைகாட்டும்போதெல்லாம் நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது. 'சோம்பேறித்தனம்' என்று எழுதினால் ஒன்றும் தெரியவராது. 'செவ்வாய், இரவு 9.40, இலக்கணப் பயிற்சி, மூன்றாவது கேள்வியும் தப்பு' என்று எழுதினால் தெரியவரும்.

ஐந்தாறு பதிவு சேர்ந்ததும் படித்துப் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் வந்திருந்தால் பெரும்பாலும் களைப்பு. தொடங்குவதற்கு முன்பே வந்திருந்தால், வைத்துக்கொண்ட அளவு பெரிது. ஒரு நாள் விட்டுப்போனதற்கு மறுநாள் வந்திருந்தால் குற்ற உணர்ச்சி. வேலைக்கு நடுவில், அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்திருந்தால் முறையில் கோளாறு. நன்றாகப் போன நாளிலும் விடாமல் வந்திருந்தால் இலக்கையே கேள்வி கேட்க வேண்டும்.

களைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வயது வந்தவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். அது இல்லாமல் கீழே உள்ள எதைச் செய்தாலும் பலன் பாதிதான். ஒரு வாரம் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். வேலையை நாளின் தெளிவான நேரத்துக்கு மாற்றுங்கள். பல பேருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

அளவைக் குறைப்பது எப்படி

ஆரம்ப சூரத்தனத்தில் வைத்த அளவுதான் பெரும்பாலான சவால்களைக் கவிழ்க்கிறது. உற்சாகம் உச்சத்தில் இருக்கும் நாளில் கணக்குப் போடுகிறோம்: தினமும் இரண்டு மணி நேரம், தினமும் 5 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் தலைவலி வரும் நாளும், வீட்டில் ஒருவர் படுத்துக்கொள்ளும் நாளும் இல்லை.

இரண்டு அளவுகளை வையுங்கள். ஒன்று வழக்கமான அளவு. இன்னொன்று அடிமட்ட அளவு, அதாவது மிக மோசமான நாளிலும் செய்துவிடக்கூடியது. கடந்த இரண்டு வாரத்தில் உங்களுக்கு மிகவும் மோசமாகப் போன நாளை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று இரவு எவ்வளவு முடிந்திருக்கும்? அதில் பாதி. ஓடுபவருக்கு, காலணி மாட்டிக்கொண்டு 10 நிமிட நடை. மொழி கற்பவருக்கு, ஏற்கெனவே தெரிந்த 5 சொற்களைத் திருப்பிப் பார்ப்பது. எழுதுபவருக்கு, மூன்று வாக்கியம். இசை பழகுபவருக்கு, 5 நிமிடம்.

இங்கே நடக்கிற வழக்கமான தவறு: நான்கு நாள் எளிதாக முடிந்ததும் அடிமட்ட அளவை ஏற்றிவிடுவார்கள். ஏற்றாதீர்கள். கூடுதலாகச் செய்ய மனம் வந்தால் செய்யுங்கள், கோட்டை மட்டும் உயர்த்த வேண்டாம். குறைந்தது மூன்று வாரம் அது அங்கேயே இருக்கட்டும். பழக்கம் படிய நாம் நினைப்பதைவிட நாளாகும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கிற அளவுக்குப் படிய ஆன நாட்களின் நடுமதிப்பு 66, அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபடும் என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள். '21 நாளில் பழக்கம்' என்ற பேச்சை நம்பி, 22-ஆம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று மனம் தளர்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவர்களிடம் எந்தக் குறையும் இல்லை, கேள்விப்பட்ட எண்தான் தவறு.

ஒரு நாள் விட்டுப்போனால்

அதிகமானவர்கள் உடைவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

'நனைந்த பின் முக்காடு எதற்கு' என்று நம் ஊரில் சொல்வதை உளவியலாளர்கள் ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துக் கட்டுப்பாட்டை உடைத்தபோது, அதன் பிறகு அவர்கள் ஐஸ்கிரீமைக் குறைக்காமல் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பீட்டர் ஹெர்மனும் ஜேனட் போலிவியும் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம் இது. முதல் சறுக்கலால் வரும் சேதம் சின்னது. 'இன்றைக்குத்தான் கெட்டுப்போச்சே' என்ற நினைப்பால் வருவது பெரியது.

மேலே சொன்ன லாலியின் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இடையில் ஒரு முறை விட்டுப்போவது பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. எனவே விட்டுப்போன நாளை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். இரட்டிப்பு என்று நினைத்ததுமே மறுநாளும் தள்ளிப்போகும். அப்புறம் மூன்று மடங்கு. கடன் வட்டி போல ஏறி, ஒரு கட்டத்தில் பார்க்கவே பயமாகிவிடும். மறுநாள் செய்ய வேண்டியது அடிமட்ட அளவு மட்டும்.

ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டால் திரும்புவதற்குத் தனி முறை வேண்டும். உடற்பயிற்சி என்றால் விட்ட இடத்தில் தொடங்காமல் அதில் பாதித் தூரத்தில் தொடங்குங்கள், பேச்சு மூச்சிரைக்காமல் வருகிற வேகத்தில். பழைய வேகத்தை முதல் நாளே பிடிக்கப் போனால் தசை வலிக்கும். அந்த வலியே அடுத்த சாக்காகிவிடும். சொல் அட்டைகள் உள்ள செயலியில் படிப்பவர் என்றால், திறந்ததும் 400 அட்டை குவிந்து கிடக்கும். புதிய அட்டைகளை நிறுத்திவிட்டு, பழையதில் நாளுக்கு 40 என்று உச்சவரம்பு வைத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் குவியல் அடங்கத் தொடங்கும். எழுதுபவர் என்றால், நின்ற இடத்துக்கு முந்தைய இரண்டு பக்கத்தைக் கையால் திருப்பி எழுதிப் பாருங்கள். நடை திரும்பக் கைக்கு வந்துவிடும்.

இந்த நேரத்தில் உங்களையே திட்டிக்கொள்வதால் வேகம் கூடாது. ஜூலியானா பிரெய்ன்ஸும் செரீனா சென்னும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான சொல் தேர்வில் தோற்ற மாணவர்களில், தோல்வியைத் தங்களிடம் பரிவோடு அணுகச் சொல்லப்பட்டவர்கள்தான் அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள். நெருங்கிய நண்பர் ஒருவர் இதே நிலையில் இருந்தால் என்ன சொல்வீர்களோ அதை நான்கு வரியில் உங்களுக்கே எழுதிக்கொள்ளுங்கள். கூச்சமாக இருந்தாலும் எழுதுங்கள்.

பாதிக் கிணறு தாண்டிய நிலை

தொடங்கும்போது புதுமை இழுக்கும், முடியும்போது கரை இழுக்கும். நடுவில் இரண்டும் இல்லை. இலக்கு நெருங்க நெருங்க முயற்சி கூடும் என்பதை 1930-களிலேயே கிளார்க் ஹல் எலிகளை வைத்துக் காட்டினார். உணவை நெருங்கும்போது அவை வேகமாக ஓடின. 2006-இல் ஜோசப் நூனிஸும் சேவியர் டிரேஸும் இதைக் கார் கழுவும் இடமொன்றில் சோதித்தார்கள். ஒவ்வொரு முறை கழுவும்போதும் ஒரு முத்திரை, அட்டை நிரம்பினால் ஒரு முறை இலவசம். சிலருக்கு 8 முத்திரை சேர்க்க வேண்டிய வெற்று அட்டை. சிலருக்கு 10 முத்திரை அட்டை, அதில் 2 ஏற்கெனவே குத்தப்பட்டவை. இருவருக்கும் மீதி எட்டுதான். வெற்று அட்டைக்காரர்களில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள், மற்றவர்களில் 34 சதவீதம்.

இதை உங்களுக்கே செய்துகொள்ளலாம். 100 நாள் சவாலை 100 என்று பார்க்காமல் பத்து நாள் கட்டங்களாக வெட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித் தாள், அதில் நாளுக்கு ஒன்றாகப் பத்துப் பெட்டி, முடிந்ததும் அந்தத் தாளை எடுத்துவிட்டு அடுத்தது. நடுப்பகுதியின் நீளம் இப்படி நான்கைந்து நாளாகச் சுருங்கும். கட்டத்தின் முதல் பாதியில் முடித்ததை எண்ணுங்கள், இரண்டாம் பாதியில் மீதியை எண்ணுங்கள். முழு 100-ஐ எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான்: 20-இல் இருந்து 21-க்குப் போனது கண்ணுக்குத் தெரிகிற அசைவு. 80 மீதியிலிருந்து 79 மீதியானது மனதில் பதியவே பதியாது.

சாண் ஏறினால் முழம் சறுக்கினால்

உழைக்கிறேன், ஆனால் முன்னேற்றமே இல்லை என்று தோன்றினால் முதலில் அளவுகோலைச் சந்தேகியுங்கள். உடல் எடை, நீரின் அளவைப் பொறுத்து ஒரே நாளில் ஒரு கிலோ வரை ஏறி இறங்கும். தினமும் பார்த்து நொந்துபோவதைவிட ஏழு நாள் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மொழி, இசை, பேச்சு போன்றவற்றில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ஒரே பகுதியை வாசித்து 2 நிமிட ஒலிப்பதிவு எடுத்து வையுங்கள். மூன்றாவது மாதம் முதல் பதிவைக் கேட்டால் வித்தியாசம் காதில் விழும்.

அளவுகோல் சரியாக இருந்தும் நகர்வு இல்லையென்றால் முறையை மாற்றுங்கள். படிப்பில் அடிக்கடி காணும் கோளாறு, அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. வாசிக்க வாசிக்கப் பழகிய முகம் போலத் தெரியும். தெரிந்துவிட்டது என்று ஏமாந்துபோவோம். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-இல் காட்டியபடி, திரும்ப வாசித்தவர்களைவிட, பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. அரை மணி நேரம் படித்தால் அதில் 10 நிமிடமாவது புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள்.

'அப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்'

மனவுறுதியை நம்பி இருப்பதைவிட முன்கூட்டியே ஒரு வாக்கியம் எழுதி வைப்பது நன்றாக வேலை செய்யும். பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து ஆராய்ந்த முறை இது. 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் நல்ல பலன் தெரிந்தது.

வாக்கியத்தின் முதல் பாதி கண்ணாலோ காதாலோ உணரக்கூடிய ஒரு தருணமாக இருக்க வேண்டும். 'மனம் தளர்ந்தால் முயற்சி செய்வேன்' என்பதில் தருணமும் இல்லை, செயலும் இல்லை. 'இரவு உணவு முடித்துத் தட்டைக் கழுவி வைத்ததும் மேசையில் உட்கார்ந்து நோட்டைத் திறப்பேன்' என்பதில் இரண்டும் உண்டு. தடைக்கும் ஒன்று எழுதுங்கள்: 'ஒரே கேள்வி மூன்று முறை தவறினால், அதில் குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன்.' ஒரே சமயத்தில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்; ஐந்தாறு எழுதி ஒட்டினால் எதுவும் நினைவில் நிற்காது. 'செய்ய மாட்டேன்' என்று முடிப்பதையும் தவிருங்கள். செய்யக்கூடாததைச் சொன்னால் கை எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் நிற்கும்.

துணைக்கு ஒருவர் போதும். ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டியதில்லை. அவரிடம் கேட்க வேண்டியது பாராட்டோ கண்டிப்போ இல்லை; தினமும் நீங்கள் அனுப்பும் 'முடிந்தது' அல்லது 'இன்று இல்லை' என்ற செய்தியைப் பார்த்தேன் என்று ஒரு குறி போட்டால் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

குறித்த தேதி வந்ததும்

14-ஆம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். 'இத்தனை பணமும் காலமும் போட்டாச்சே' என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் புளூமரும் 1985-இல் ஆராய்ந்த மனப்போக்கு இது. போனதை நினைத்தே மேலும் போடுவோம். கேட்க வேண்டிய கேள்வி: இதை இதுவரை தொடங்கவே இல்லை, ஆனால் இன்று தெரிந்ததெல்லாம் தெரியும் என்றால், இன்று தொடங்குவேனா? இல்லை என்று தெளிவாக வந்தால் விடுவது சரியான முடிவு. அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

இரண்டு நிலைகளில் 14 நாள் காத்திருக்கக் கூடாது. உடற்பயிற்சியின்போது நெஞ்சுவலி, மயக்கம், மூட்டில் குத்தும் வலி வந்தால் அப்போதே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலியும் மயக்கமும் அவசர சிகிச்சைக்கு உரியவை. இந்தச் சவால் மட்டுமின்றி முன்பு பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கமும் பசியும் மாறி, நாளின் பெரும்பகுதி சோர்வாகவே இரண்டு வாரம் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். உயிரோடிருக்க வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரம்கூடப் பார்க்க வேண்டாம். அன்றே நம்பிக்கையான ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

விடுவது என்று முடிவானால் முறையாக விடுங்கள். நோட்டில் நிறுத்திய தேதியையும் காரணத்தையும் ஒரு வரி எழுதி, கைபேசியில் நினைவூட்டல்களை அணைத்து, துணைக்கு இருந்தவரிடம் சொல்லிவிடுங்கள். அணைக்காத நினைவூட்டல் தினமும் ஒலித்து, முடிந்துபோன ஒன்றைத் தோல்வியாக நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும். தொடர்வது என்று முடிவானால், புதிய அடிமட்ட அளவையும் ஒரு 'நடந்தால் செய்வேன்' வாக்கியத்தையும் தாளின் மேலே எழுதி, நாளை திறக்க வேண்டிய பக்கத்தை இன்று இரவே மேசைமேல் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.