ஏர் பிஸ்டல் பழகப் போகிறீர்களா? கார்டைப் பார்க்காதீர்கள்

ஓடி ஓடிச் சுடும் பிராக்டிகல் ஷூட்டிங் வீடியோக்களைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அந்த விளையாட்டை நடத்தும் சர்வதேச அமைப்பான ஐபிஎஸ்சியின் போட்டிக்குக் கைத்துப்பாக்கி குறைந்தது 9 மி.மீ. இருக்க வேண்டும், நம் நாட்டில் அது தடை செய்யப்பட்ட வகை. வேலூர் சத்துவாச்சாரியில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வது? 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு வந்தேன். குழலின் துளை 4.5 மி.மீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் கன்னுக்கு ஆயுத உரிமம் வேண்டாம்.

முதலில் பிஸ்டல் வாங்காதீர்கள். இரண்டு மூன்று மாதம் கோச்சின் பிஸ்டலிலேயே சுடுங்கள். அப்புறம் வாங்கும்போது, புது ஸ்பிரிங் பிஸ்டலைவிடக் காற்று சிலிண்டர் வைத்த பழைய மேட்ச் (போட்டி) பிஸ்டலே மேல் என்பேன். கம்பெனி மொரினியோ ஸ்டெயரோ, பிடி உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். சிலிண்டரில் அடித்திருக்கும் தேதியை மட்டும் பார்த்துவிடுங்கள், 10 வருடம் தாண்டியதைப் போட்டியில் ஏற்க மாட்டார்கள். பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) தட்டைத் தலை உள்ளதாக வாங்குங்கள், கார்டில் (குறி வட்டங்கள் அச்சடித்த அட்டையில்) ஓட்டை சுத்தமாக விழும்.

நிற்பது, ஒரு கையால் பிடிப்பது, குழல் எப்போதும் கார்டுப் பக்கமே இருப்பது எல்லாம் ரேஞ்சில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

நான் மாட்டிக்கொண்டது சைட்டில், அதாவது குறி பார்க்கக் குழல் மேல் முன்னும் பின்னும் இருக்கும் அமைப்பில். நடு வட்டத்தில் பட்டால் 10 புள்ளி, எனக்கோ மூன்று வாரம் 7, 8 என்றே விழுந்தது. வேலூர் வெயிலில் கை வியர்த்து நழுவுகிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கோச் கார்டைத் திருப்பி வெறும் வெள்ளைப் பக்கத்தை மாட்டி, "சுடு தம்பி" என்றார். ஓட்டைகள் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்தன! கறுப்பு வட்டம் இல்லாததால் கண் தானாக முன் சைட்டில் நின்றிருக்கிறது.

கணக்கு இதுதான். இரண்டு சைட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 33 செ.மீ. பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் 1 மி.மீ. விலகினால் 10 மீட்டர் தள்ளி 3 செ.மீ. விலகும், 10 விழ வேண்டிய இடத்தில் 7 விழும். சைட் சரியாக இருந்து கை மட்டும் 5 மி.மீ. ஆடினால்? 10 வட்டத்தின் அகலமே 11.5 மி.மீ., அதனால் அதுவும் 10தான். ஆக, கை ஆடட்டும், விடுங்கள். முன் சைட் கூர்மையாகவும் கறுப்பு வட்டம் மங்கலாகவும் தெரிய வேண்டும், இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். வட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வெள்ளையில் நிறுத்தி ட்ரிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். 'இப்போ!' என்று நினைத்து இழுத்தீர்களோ, போச்சு.

வீட்டில் தினமும் 15 நிமிடம் பெல்லட் இல்லாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்து ட்ரை ஃபயர் செய்யுங்கள். பிஸ்டலில் பெல்லட் போடும் அறை காலியா என்று இரண்டு முறை பார்த்த பிறகு.

பிற்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒரு அண்ணன், ஸ்பிரிங் பிஸ்டலில் இதைச் செய்து உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று எழுதியிருந்தார். நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பெல்லட் இல்லாவிட்டால் பிஸ்டனைத் தாங்கக் காற்றழுத்தம் இருக்காது, போய் முட்டிவிடும். ட்ரை ஃபயர் வசதி உள்ள மேட்ச் பிஸ்டலில் மட்டும் செய்யுங்கள்.