பனிக்காலத்தில் கால் வெளுக்கிறதா? செரமைடு கிரீமைப் பூசும் முறை

ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்கிவிட்டால் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பலருக்கும் கால் வெளுத்துவிடும். முழங்காலுக்குக் கீழே நகத்தால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், வெள்ளையாக விழுந்தால் தோல் காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். தர்மபுரிப் பக்கம் குளிர் கொஞ்சம் குறைவுதான், ஆனால் உப்பான போர் தண்ணீர் இருக்கிறதே, தோலைக் காய வைக்க அது போதும். இதற்காக மெடிக்கலில் செரமைடு (தோலில் தானாகவே இருக்கிற ஒரு வகைக் கொழுப்பு) சேர்த்த கிரீம் கேட்டு வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். வாங்குவது சரி, குளியலை மாற்றாமல் கிரீமை மட்டும் பூசினால் காசுதான் வீண்.

தோலின் மேல் அடுக்கைச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்த செல்கள்தான் செங்கல், நடுவில் இருக்கிற கொழுப்புதான் சாந்து. அந்தக் கொழுப்பின் எடையில் ஏறத்தாழ பாதி செரமைடு, மீதியில் பெரும்பகுதி கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். இது குறைந்தால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே போகும், வெளியே இருக்கிற சோப்பும் தூசியும் உள்ளே போய் எரிச்சலைக் கிளப்பும். வயதானாலும் குளிர்காலம் வந்தாலும் செரமைடு குறையும். கரப்பான் (எக்ஸிமா) உள்ள தோலில் பொதுவாகவே குறைவு.

அதனால் முதல் வேலை, இருப்பதைக் கழுவிக் கொட்டாமல் இருப்பது. சாதாரண சோப்பின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டுகிற அளவு) 9, 10 வரை போகும், தோலுக்கு வேண்டியது 5 பக்கம். அதிலும் உப்புத் தண்ணீரில் நுரையே வராது என்று இன்னும் கொஞ்சம் சோப்பைத் தேய்ப்போம், பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற அதே படிவு தோலிலும் ஒட்டிக்கொள்ளும். சோப்பை அக்குள், தொடை இடுக்கு, பாதத்தோடு நிறுத்துங்கள், கை கால்களுக்குத் தண்ணீரே போதும் அல்லது சோப்பு சேராத மென்மையான கிளென்சர். மார்கழிக் காலையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்கிற சுகத்தையும் விட வேண்டும், வெதுவெதுப்பு போதும். நார் போட்டுத் தேய்ப்பது வேண்டவே வேண்டாம்.

அடுத்து டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பெரிதாக எழுதியிருப்பதை விடுங்கள், பின்னால் பொடி எழுத்தில் இருக்கிற சேர்மானப் பட்டியலில் செரமைடு என்பி (NP), ஏபி (AP), இஓபி (EOP) என்று ஏதாவது ஒரு வகை இருக்க வேண்டும் (செரமைடு 3 என்று இருந்தால் அது என்பியின் பழைய பெயர்). பட்டியலின் கடைசியில் இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள், செரமைடு பொதுவாகக் கொஞ்சமாகத்தான் சேர்ப்பார்கள். கூடவே கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம், கிளிசரின் இருந்தால் நல்லது. நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வகை) இருந்தால் தோல் தானே செரமைடு செய்வதற்கும் துணை நிற்கும். வாசனை தூக்கலாக இருக்கிற கிரீமை நான் வாங்கமாட்டேன், வறண்ட தோலுக்கு வாசனையே ஒரு தொல்லை.

வாங்கியதும் நேராக முகத்தில் பூசிவிடாதீர்கள். முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி இரண்டு மூன்று நாள் பாருங்கள், அரிப்போ தடிப்போ இல்லையென்றால் தொடரலாம்.

பூசுகிற நேரம்தான் முக்கியம். குளித்து வந்ததும் துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுங்கள், தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, குளியலறையிலேயே நின்றுகொண்டு பூசிவிடுங்கள். சட்டையை அயர்ன் பண்ணிவிட்டு வந்து பூசலாம் என்றால் அதற்குள் ஈரம் போய்விடும். அளவு தெரியவில்லையா? ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம், அது விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுள்ள தோலுக்கு வரும். ராத்திரி படுக்கும் முன் இன்னொரு தடவை. காலையில் வெயிலில் போகிறவர்கள் இதைப் பூசி, அது உறிஞ்சிய பிறகு சன்ஸ்கிரீன் போடுங்கள்.

அப்புறம், தேங்காய் எண்ணெய் போதாதா என்று வீட்டில் கேட்பார்கள். அதில் செரமைடு கிடையாது, மேலே படர்ந்து ஈரம் போகாமல் மூடும், அதுவும் நல்ல வேலைதான். கை காலுக்குச் செரமைடு கிரீம் பூசி அதன்மேல் இரண்டு சொட்டு எண்ணெய் தடவினால் குளிர்காலத்தில் நன்றாகவே தாங்கும். முகத்தில் பரு வருகிறவர்கள் எண்ணெயை முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

வெளுப்பும் இழுப்பும் சில நாளிலேயே குறையும், ஆனால் தோலின் மேல் அடுக்கு புதிதாக வளர்ந்து வரச் சில வாரம் ஆகும், அதனால் ஒரு மாதமாவது விடாமல் பூசிவிட்டு முடிவு பண்ணுங்கள். வெடிப்பில் ரத்தமோ நீரோ கசிந்தால், அரிப்பில் தூக்கம் கெட்டால், கிரீமை மாற்றி மாற்றி வாங்காமல் தோல் டாக்டரிடம் போங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, போகும்போது பூசுகிற டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.