தரங்கம்பாடியில் வண்டியைக் கோட்டை வரை கொண்டு போகாதீர்கள்

தரங்கம்பாடிக்குப் போனால் நகர வாயிலுக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, அங்கிருந்து ராஜா வீதி வழியாகக் கடலை நோக்கி நடந்து போங்கள். பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை வரிசையாக வந்துவிடும். வண்டிச் செலவும் அலைச்சலும் மிச்சம்.

டேனிஷ்காரர்கள் இந்த ஊரை மதில் சுவருக்குள் கட்டினார்கள். வாயிலில் தொடங்கும் பிரதான வீதி கடற்கரைக்கே போகிறது. அதனால் 1701-இன் சீயோன் தேவாலயம், ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கட்டிய 1718-இன் புதிய எருசலேம் தேவாலயம், ஆளுநர் மாளிகை, 1620-இல் எழுந்த டேன்ஸ்போர்க் கோட்டை எல்லாம் சில நிமிட நடைக்குள் அடங்கிவிடுகின்றன. காரில் நேராகக் கோட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது கட்டடங்களின் நெற்றியைத்தான். வாயிலின் மேலே டேனிஷ் அரச முத்திரையும் 1792 என்ற ஆண்டும் இருக்கும்; புதிய எருசலேம் தேவாலய முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் கிரீடம் வைத்த பெயரெழுத்துச் சின்னத்தைப் பார்க்கலாம். நிதானமாக நடந்தால்தான் இவை கண்ணில் படும். அப்புறம், கோட்டையிலிருந்து கரையோரமாகவே மாசிலாமணிநாதர் கோயிலுக்கும் போய்விடலாம். கடல் அரித்த அந்தப் பாண்டியர் காலக் கோயிலை விட்டுவிட்டு வரவே கூடாது.

நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் கூட வந்தால் இது சரிப்படாது, கோட்டை அருகிலேயே இறக்கிவிடுங்கள். உச்சி வெயிலில் நடப்பதும் வேண்டாம். வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஞாயிறு காலை தேவாலயங்களில் ஆராதனை நடக்கும், உள்ளே சுற்றிப் பார்ப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.