கை தூக்கினால் குத்தும் தோள்வலி: எனக்குச் சரியான விதம்

மேல் அலமாரியில் டப்பா எடுக்கக் கையை உயர்த்தினால் பாதி வழியில் சுருக்கென்று குத்தும். முழுக்கத் தூக்கிவிட்டால் வலி குறையும். தோள்பட்டை எலும்பின் கூரைக்கும் மேற்கை எலும்புக்கும் நடுவே தசைநாண் நசுங்குகிறது என்றார் பிசியோதெரபிஸ்ட்.

நான் செய்த தப்பு, கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இழுத்து இழுத்து நீட்டியது. இரவில் அந்தப் பக்கம் படுக்கவே முடியாமல் போனது. எனக்கு இறுகியிருந்தது நெஞ்சுத் தசையும் தோளின் பின்பக்கமும்தான்.

கதவு நிலையில் முன்கையை ஊன்றி, முழங்கை தோளுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி, ஒரு அடி முன்வைத்து 30 விநாடி நிற்பேன். அப்புறம் கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, மறுகையால் முழங்கைக்கு மேலே பிடித்து மெதுவாக அணைப்பேன். இழுவை தோளின் பின்னால் தெரிய வேண்டும்; முன்னால் குத்தினால் கையைக் கொஞ்சம் இறக்கிவிடுவேன். ஒவ்வொன்றும் 3 முறை, காலையும் மாலையும்.

இரண்டு வாரம் எதுவும் மாறவில்லை, எரிச்சல்தான் வந்தது. பிறகு ரப்பர் பட்டையைப் பிடித்துக் கையை வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சியும் சேர்ந்தது. 6-ஆவது வாரம் ஒருநாள், சட்டை மாட்டும்போது வலிக்கவில்லை என்பதைப் பொத்தான் எல்லாம் போட்ட பிறகுதான் கவனித்தேன்.