வேலை போக முன்னமே சேர்க்க வேண்டிய கடதாசிகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற கதை கிளம்பினால் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். "அக்கா, எனக்கு என்ன கிடைக்கும்?" நான் திருப்பிக் கேட்பது, "கையில் என்ன கடதாசி இருக்கு?" பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

வேலை போனவருக்கு மாதாமாதம் காசு தரும் காப்புறுதி இலங்கையில் இல்லை. உங்களுக்கென்று சட்டம் வைத்திருப்பதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்குச் சான்று வேண்டும். ஆகவே காசு சேர்ப்பதற்கு முதல் கடதாசி சேருங்கள்.

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சம்பளம் கூட்டிய கடிதங்கள், ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) அங்கத்துவ இலக்கம். எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து, கந்தோர்க் கணினியில் அல்லாமல் உங்கள் சொந்த மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். வேலை போகிற அன்று மேசைக்குக் கிட்டப் போக விடுவார்களோ தெரியாது.

பிறகு ஈ.பி.எப். கணக்கைப் பாருங்கள். சம்பளம் 60,000 ரூபா என்றால் உங்களிடமிருந்து 8 வீதம், 4,800 கழியும். முதலாளி 12 வீதம், 7,200 போட வேண்டும். ஈ.டி.எப்.புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) இன்னும் 3 வீதம், 1,800. அது முதலாளியின் காசு, உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. சம்பளச் சீட்டில் கழித்ததாகக் காட்டிவிட்டுக் கட்டாமல் விடுகிற இடங்களும் உண்டு. மத்திய வங்கியின் மீதிக் கூற்றோடு ஒப்பிட்டால்தான் அது தெரியும். குறைந்திருந்தால் வேலையில் இருக்கும்போதே தொழில் திணைக்களத்தில் கேளுங்கள்.

ஈ.பி.எப்.பை நம்பி அடுத்த மாதச் செலவுக்குக் கணக்குப் போடாதீர்கள். பொதுவாக ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில்தான் அது கைக்கு வரும். வேலையை விட்டதும் எடுக்கக்கூடியது ஈ.டி.எப்., அதுவும் ஐந்து வருடத்துக்கு ஒருக்கால். ஐந்து வருடம் முடித்திருந்தால், வேலையை விடும்போது முதலாளி தர வேண்டிய பணிக்கொடையும் உண்டு. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். எட்டு வருடம், 60,000 என்றால் 2,40,000 ரூபா.

இனி முக்கியமான இடம். "நீங்களே ஒரு ராஜினாமாக் கடிதம் தந்தால் உங்களுக்கும் மரியாதை, எங்களுக்கும் சுகம்" என்பார்கள். தேத்தண்ணியும் தருவார்கள். கையெழுத்து வைக்காதீர்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனம், ஒழுக்கக் குற்றம் இல்லாத தொழிலாளியை நிறுத்த அவரின் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ பெற வேண்டும். முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருந்தால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு உண்டு. நீங்களே விலகுவதாக எழுதிக் கொடுத்தால் பிறகு நட்டஈட்டுக்கு வாதாடுவது கஷ்டம். "வீட்டில் கதைத்துவிட்டுச் சொல்கிறேன்" என்று கடதாசியை வாங்கி வாருங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வேலை நிறுத்தியதற்கு எதிராக வழக்குப் போடும் தொழில் நியாய சபைக்குப் போவதென்றால் வேலை போய் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

காசு விஷயம் சுருக்கமாக. மூன்று மாதத்துக்கு அரிசி, கரண்ட், பிள்ளைகளின் ரியூசன், மருந்து, இவற்றுக்கு மட்டும் எவ்வளவு என்று எழுதி, அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் சேருங்கள். லீசிங்கில் மோட்டார் சைக்கிள் நிற்கிறதென்றால் அதுதான் முதல் ஆபத்து. தவணை பிந்தினால் வந்து எடுத்துப் போவார்கள், வாகனமில்லாமல் அடுத்த வேலை தேடுவதும் கஷ்டம். முடிந்தவரை முன்கூட்டியே கட்டிக் குறையுங்கள். அடகில் இருக்கும் நகையைச் சம்பளம் வருகிற காலத்திலேயே மீட்டு வையுங்கள், பிறகு அதுவே கைகொடுக்கும். ஆட்கள் சேர்ந்து மாதாமாதம் காசு கட்டும் சீட்டில் இருந்தால், அதை அவசரமில்லாமல் முதலிலேயே எடுக்காதீர்கள். எடுத்த சீட்டுக்குச் சம்பளம் இல்லாத மாதத்திலும் கட்ட வேண்டும், எடுக்காத சீட்டு கையிருப்பு.

கனடாவிலோ லண்டனிலோ அண்ணன் இருக்கிறார் என்ற தைரியம் பலருக்கு உண்டு. அவருக்கும் வேலை போகலாம். கேட்பதென்றால் மாதச் செலவுக்குக் கேட்காமல், இந்தத் தவணைக்கு இவ்வளவு என்று குறித்துக் கேளுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் இப்போதே சொல்லி வையுங்கள். வேலை போனதை மறைத்து, காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு பஸ் ஏறிப் போய்ப் பொது நூலகத்தில் இருந்துவிட்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும்.